பிரிப்பது சுலபம், சேர்ப்பதுதான் வேலை

வாசகர் கேள்வி – பதில்: கல்லூரிக் குழு ப்ராஜெக்ட்

குழு ப்ராஜெக்ட் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, நீளமான கடிதங்களைச் சுருக்கி இங்கே தந்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். முதல் நாளே ரிப்போர்ட்டை ஐந்து அத்தியாயங்களாகப் பங்கு போட்டுக்கொண்டோம். எல்லோரும் ஒழுங்காக எழுதியும் கொடுத்தார்கள். ஒட்டிப் பார்த்தால் ஐந்து தனித்தனிக் கட்டுரைகள் போல இருக்கிறது. மதிப்பெண்ணும் குறைந்துவிட்டது. எங்கே பிசகினோம்?
– இளநிலை மூன்றாம் ஆண்டு மாணவி

பதில்: பங்கு போட்டதில் தப்பில்லை. பங்கு போட்ட நாள்தான் தப்பு. ரிப்போர்ட் என்ன சொல்லப்போகிறது என்று முதல் நாளில் உங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த நிலையில் தலைப்புகளைத்தான் பிரிக்க முடியும், வேலையைப் பிரிக்க முடியாது.

முதல் இரண்டு சந்திப்புகளில் எதையும் பிரிக்காதீர்கள். ஆசிரியர் கொடுத்த மதிப்பெண் பங்கீட்டுத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். பெரும்பாலான குழுக்கள் அதைக் கடைசி வாரத்தில்தான் திறந்து பார்க்கின்றன. பகுப்பாய்வுக்கு 30, முன்னுரைக்கு 5 என்று இருந்தால், முன்னுரைக்கு ஒருவர், பகுப்பாய்வுக்கு ஒருவர் என்ற பங்கீடு அந்த நிமிடமே அடிபட்டுப் போகும்.

பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். மேலே உங்கள் ஆய்வுக் கேள்வி, ஒரே வாக்கியத்தில். கீழே ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு வாக்கியம். தலைப்பு வேண்டாம், வாக்கியம் வேண்டும். ‘தரவு சேகரிப்பு’ என்பது தலைப்பு. ‘120 மாணவர்களிடம் தூங்கும் நேரத்தையும் தேர்வு மதிப்பெண்ணையும் கேட்டோம், முழுமையாகப் பதில் தந்தவர்களை மட்டும் கணக்கில் எடுத்தோம்’ என்பது வாக்கியம். எழுத வராத இடத்தைக் காலியாக விடுங்கள். இன்னும் யோசிக்காதது எது என்பதை அந்தக் காலியிடமே காட்டிவிடும்.

அடுத்து, ஒருவர் வேலை இன்னொருவர் கைக்குப் போகும் இடங்களைப் பாருங்கள். பெரும்பாலும் குழு உடைவது இங்கேதான். கருத்துக் கணிப்பில் ‘ஆம்’ என்பதற்கு ஒருவர் 1, ‘இல்லை’ என்பதற்கு 0 போட்டிருப்பார். இன்னொருவர் 1, 2 என்று போட்டிருப்பார். இரண்டு அட்டவணைகளையும் சேர்த்தால் பிழைச் செய்தி எதுவும் வராது, சராசரி மட்டும் சத்தமில்லாமல் தவறாகப் போகும். தேதியை நாள்–மாதம் என எழுதுவதா, மாதம்–நாள் என எழுதுவதா, அளவு சென்டிமீட்டரிலா மில்லிமீட்டரிலா, விடுபட்ட பதிலைக் காலியாக விடுவதா ‘99’ என்று குறிப்பதா, இவை எல்லாவற்றையும் அதே பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சொற்களும் அப்படித்தான். ஓர் அத்தியாயம் ‘பயனர்’ என்றும் அடுத்தது ‘வாடிக்கையாளர்’ என்றும் சொன்னால், திருத்துபவர் இரண்டு வகை மனிதர்களைப் பற்றிப் படிப்பதாக நினைத்துக்கொள்வார்.

முதல் ஒட்டுதலைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். எட்டு வார ப்ராஜெக்ட் என்றால் மூன்றாவது வார முடிவிலேயே, அரைகுறையாக இருந்தாலும், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டுப் படித்துப் பாருங்கள். கடைசிக் கோர்ப்பு ஒருவர் கையில்தான் நடக்க வேண்டும். 25 பக்க ரிப்போர்ட்டை ஒரே குரலில் கொண்டுவர இரண்டு முழு நாட்கள் பிடிக்கும். அந்த நபருக்கு மற்ற வேலையைக் குறைத்துக் கொடுங்கள். அந்த இரண்டு நாட்களில் மற்றவர்கள் கோப்பில் கை வைக்கக் கூடாது, ஓரக்குறிப்பு மட்டும் போடலாம்.

கேள்வி: எவ்வளவு திட்டம் போட்டாலும் கடைசி ராத்திரி கண்விழிப்பு தப்புவதில்லை. கால அட்டவணை போடுவதில் ஏதாவது முறை இருக்கிறதா?
– பொறியியல் மாணவர்

பதில்: உங்கள் கணிப்பே குறைவாக வரும் என்று வைத்துக்கொண்டு அட்டவணை போடுவதுதான் முறை. 1994-இல் பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த உளவியல் மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிக் கணிப்பு 33.9 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள். அதற்கு வந்த பதில் 48.6 நாள். அந்த மோசமான கணிப்பைவிடவும் உண்மை மோசமாக இருந்தது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே இந்தப் பிழையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். தனியாகச் செய்யும் வேலைக்கே இந்த கதி.

எனவே பின்னாலிருந்து வாருங்கள். சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஒரு வாரத்தை வெற்றாக விடுங்கள். அதற்கு முன் முழு வரைவு கையில் இருக்க வேண்டும். அதற்கும் முன் படங்கள், அட்டவணைகள், கணக்குகள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும், எழுத்து இவற்றின்மேல்தான் நிற்கிறது. எட்டு வாரத்தில் நிஜமான வேலை நாட்கள் ஐந்தரை, ஆறு வாரம்தான் என்று அப்போது தெரியவரும். இடையில் வரும் உள்தேர்வுகளையும் விடுமுறைகளையும் முதல் நாளே அட்டவணையில் அடித்துவிடுங்கள்.

உங்கள் கையில் இல்லாத வேலைகளை முதல் வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். அனுமதிக் கடிதம், ஆய்வகத்தில் நேரம், வெளியிலிருந்து வர வேண்டிய உதிரிபாகம், கருத்துக் கணிப்புக்குப் பதில், வேறு துறையிலிருந்து தரவு, இவற்றுக்கு உழைப்பு குறைவு, காத்திருப்பு அதிகம். கருத்துக் கணிப்புப் படிவத்தை அனுப்புவதற்கு முன் ஐந்தாறு பேரிடம் கொடுத்து நிரப்பச் சொல்லிப் பாருங்கள். குழப்பமான கேள்வியோடு நூறு பேருக்குப் போய்விட்டால் திரும்பக் கேட்க வழியில்லை.

வேலைகளை மூன்று, நான்கு மணி நேரத்தில் முடியும் துண்டுகளாக எழுதுங்கள். ‘இலக்கிய மீளாய்வு’ துண்டு அல்ல. ‘நான்கு கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி எழுதி, பொதுக் கோப்பில் ஏற்றுவது’ துண்டு. நிலவரம் கேட்கும்போது ‘முடிந்தது’, ‘முடியவில்லை’ என்ற இரண்டு பதில்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘தொண்ணூறு சதவீதம் முடிஞ்சது’ என்பது மூன்று வாரம் தொடர்ந்து சொல்லப்படும் வாக்கியம்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவன் எதையும் செய்வதில்லை. கேட்டால் ‘பாத்துக்கலாம்’ என்கிறான். மதிப்பெண் மட்டும் சமமாக வாங்கப்போகிறான். என்ன செய்வது?
– பலர் கேட்டது

பதில்: பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ரிங்கல்மான் கயிறு இழுக்கும் சோதனைகளின் முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, தனியாக இழுத்ததில் ஏறத்தாழப் பாதி பலம்தான் தலைக்கு வந்தது. ஒரே சமயத்தில் இழுக்க முடியாத ஒத்திசைவுக் குறை ஒரு காரணம், முயற்சியே குறைவது இன்னொரு காரணம். 1979-இல் உளவியலாளர்கள் லட்டானேயும் வில்லியம்ஸும் ஹார்கின்ஸும் கைதட்டல், கூச்சல் சோதனைகளில் இந்த இரண்டாவது காரணத்தைப் பிரித்துக் காட்டினார்கள். 1981-இல் அதே மூவரும், ஒவ்வொருவர் குரலும் தனியாக அளக்கப்படுகிறது என்று சொல்லிவிட்டால் அந்தச் சோம்பல் மறைந்துவிடுகிறது என்றும் காட்டினார்கள். உங்கள் கேள்விக்கான விடை இதில்தான் இருக்கிறது. யார் செய்தது என்று கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வேலை இருந்தால் பாதிச் சிக்கல் வராமலே போகும்.

சும்மா இருப்பவர்கள் எல்லோரும் ஒரே ரகம் அல்ல. என்ன செய்ய வேண்டும் என்று புரியாதவர் உண்டு. புரிந்தும் செய்யத் தெரியாமல், சொல்ல வெட்கப்படுபவர் உண்டு. வீட்டுப் பிரச்சினையிலோ பகுதிநேர வேலையிலோ மாட்டியிருப்பவர் உண்டு. ஓசியில் மதிப்பெண் வாங்கலாம் என்று கணக்குப் போடுபவரும் உண்டு. நம் கணிப்பில் கடைசி ரகம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள, குழுவில் பொதுவாகத் திட்டாமல் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்:

‘சர்வேயில 11-லிருந்து 20 வரைக்கும் உள்ள பதில்களை ஷீட்ல ஏத்துற வேலை உன்கிட்ட இருக்கு. வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குள்ள வேணும், ஏன்னா வெள்ளிக்கிழமை காலையில அதை வச்சுத்தான் கிராஃப் போடணும். ஏதாவது சிக்கல்னா இன்னிக்கே சொல்லு, வேற வேலையோட மாத்திக்கலாம்.’

என்ன வேலை, எப்போது, எதற்காக, முடியாவிட்டால் என்ன வழி என்று நான்கும் இதில் இருக்கின்றன. ‘கொஞ்சம் சீரியஸா இரு’ என்று அனுப்பினால் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும், அவ்வளவுதான்.

கெடு தவறினால் அடுத்த சந்திப்பில் எல்லோர் முன்னாலும், கோபமில்லாமல், அந்த வேலையை யார் எடுத்துக்கொள்வது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இரண்டாவது முறையும் தவறினால் ஆசிரியரிடம் போக வேண்டிய நேரம் அதுதான். பாதித் தூரத்தில் போய்ச் சொன்னால் அவரால் ஏதாவது செய்ய முடியும். சமர்ப்பித்த பிறகு போனால் அது வெறும் புகார். போகும்போது ‘பொறுப்பில்லாதவன்’ போன்ற சொற்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, இன்ன தேதியில் இன்ன வேலை ஒதுக்கப்பட்டது, இன்ன தேதியில் நினைவூட்டினோம், இன்னும் வரவில்லை, குழுவை எப்படித் தொடரச் சொல்கிறீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.

மற்றவர்கள் கண்விழித்து அவன் பங்கையும் முடித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு புலம்புவதுதான் மிக மோசமான வழி. எந்தத் தடயமும் மிஞ்சாது. இன்னொன்று: நம்ப முடியாதவரிடம், மற்ற மூன்று வேலைகள் காத்துக்கொண்டிருக்கும் வேலையைக் கொடுக்காதீர்கள். பிற்சேர்க்கை, படங்களுக்குத் தலைப்பு, சோதனைப் பதிவு என்று தாமதமானாலும் பிறரை நிறுத்தாத வேலையைக் கொடுங்கள்.

கேள்வி: என் நிலைமை நேர்மாறு. நன்றாகப் படிக்கும் ஒருத்தி எல்லாவற்றையும் தானே செய்கிறாள். நாங்கள் எழுதியதை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடுகிறாள். கடைசியில் ‘யாரும் உதவலை’ என்றும் சொல்கிறாள்.
– முதுநிலை மாணவி

பதில்: அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். 1979-இல் ராஸ், சிகோலி ஆகிய ஆய்வாளர்கள், கூட்டு வேலையில் தன் பங்கு எவ்வளவு என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டால் அவரவர் தன் பங்கைக் கூட்டித்தான் சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். நாம் செய்தது நினைவில் நிற்கிறது. பிறர் செய்ததை நாம் பார்க்கவே இல்லை. நீங்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பியவர் இல்லை.

அவருடைய பயம் பெரும்பாலும் மதிப்பெண் பற்றியது. உங்கள் வரைவு எந்தத் தரத்தில் வரும் என்று தெரியாததால் தானே செய்துவிடுகிறார். ஆகவே தரத்தை முன்கூட்டியே பேசி எழுதுங்கள்: ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது எத்தனை மேற்கோள், எத்தனை பக்கம், வரைபடம் எப்படி இருக்க வேண்டும். முதல் பக்கத்தை மட்டும் சீக்கிரம் எழுதிக் காட்டுங்கள். அது பிடித்துவிட்டால் மீதிக்குக் கை வைக்க மாட்டார். மாற்றங்களைப் பதிவு செய்யும் வசதியை வேர்டிலும் கூகுள் டாக்ஸிலும் இயக்கிவிட்டு, ‘நேரடியாக மாற்றாதே, பரிந்துரையாகப் போடு, எழுதியவர் ஏற்றுக்கொள்ளட்டும்’ என்று விதி வையுங்கள். கடைசிக் கோர்ப்பாளர் பொறுப்பை அவருக்கே கொடுத்துவிடலாம். திருத்தும் ஆசைக்கு முறையான இடம் கிடைத்தால், முறையற்ற இடங்களில் திருத்துவது குறையும்.

அவர் ஒருவரே செய்த பகுதியை வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) உங்களிடம் கேட்டால் உங்களுக்குத்தான் ஆபத்து. அதையே வெளிப்படையாகக் காரணமாகச் சொல்லலாம்.

கேள்வி: எத்தனை பேர் இருந்தால் குழு நன்றாக ஓடும்?

பதில்: உங்களுக்குத் தேர்வு இருந்தால் நான்கு. நான்கு பேருக்குள் ஆறு ஜோடித் தொடர்புகள், ஆறு பேருக்குள் பதினைந்து. யாராவது ஒருவருக்குத் தகவல் போகாமல் விடுபடும் வாய்ப்பு அந்த வேகத்தில் ஏறுகிறது. பாதியில் ஆள் சேர்த்தால் வேகம் கூடும் என்றும் எண்ண வேண்டாம். தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் சொன்னது கல்லூரி ப்ராஜெக்டுக்கும் பொருந்தும். புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பவர் வேலை செய்துகொண்டிருந்தவர்தானே.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் தினமும் இருநூறு செய்தி வருகிறது. ஆனால் எதுவுமே முடிவாவதில்லை. நேரில் கூடினாலும் அரட்டைதான்.
– வணிகவியல் மாணவர்

பதில்: அரட்டை இருக்கட்டும், அது குழுவை ஒட்டவைக்கும். முடிவுகளை மட்டும் அங்கிருந்து வெளியே எடுங்கள். எல்லோரும் திறக்கக்கூடிய ஒரு பகிர்வுத் தாளில் நான்கு நெடுவரிசை போதும்: வேலை, யார், எந்தத் தேதிக்குள், முடிந்ததா. ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பெயர் எழுதினால் இருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிடுவார்கள். உதவிக்கு ஆள் இருக்கலாம், பொறுப்புக்கு ஒருவர். தாளில் ஏறாதது முடிவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்புக்கு முப்பது நிமிடம் போதும். முதல் பத்து நிமிடம் தாளைப் பார்ப்பது. அடுத்த பதினைந்து, ஒரே ஒரு சிக்கலைப் பேசுவது. கடைசி ஐந்து, அடுத்த வேலைகளை அங்கேயே தாளில் ஏற்றுவது. ஒருவர் குறிப்பெடுக்கட்டும், அந்த வேலை வாராவாரம் கைமாறட்டும்.

யோசனைகள் தேடும்போது வாய்விட்டுத் தொடங்காதீர்கள். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருப்பதால், கூடி யோசிக்கும் குழுவைவிட அதே எண்ணிக்கையில் தனித்தனியாக யோசிப்பவர்களே அதிக யோசனைகள் தருகிறார்கள் என்று ஆய்வாளர்கள் டீலும் ஸ்ட்ரோபேயும் 1987-இல் காட்டினார்கள். ஏழெட்டு நிமிடம் எல்லோரும் அமைதியாகத் தாளில் எழுதிய பிறகு சுற்றாக வாசியுங்கள். கூச்ச சுபாவம் உள்ளவரின் யோசனையும் அப்போதுதான் மேசைக்கு வரும். ஸ்டேசர், டைட்டஸ் இருவரின் 1985 ஆய்வு இன்னொரு பொறியைக் காட்டியது. குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் வெளியே வராமலே போய்விடுகிறது. அதனால் பேச்சை முடிக்கும் முன், ‘இங்கே யாரும் இன்னும் சொல்லாத விஷயம் யாரிடமாவது இருக்கிறதா?’ என்று பெயர் சொல்லி ஒவ்வொருவரையும் கேளுங்கள்.

கேள்வி: ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘உண்மையான ஃபைனல்’ என்று எங்கள் ஃபோல்டர் நிறைய கோப்புகள். கடைசியில் பழையதைச் சமர்ப்பித்துவிட்டோம்!

பதில்: மூலக் கோப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் பகிர்வு இடத்தில். யாரும் அதை இறக்கி, திருத்தி, மின்னஞ்சலில் அனுப்பக் கூடாது. அப்படி இரண்டு பேர் செய்த நிமிடம் இரண்டு மூலங்கள் பிறந்துவிடும். பழைய நிலைக்குப் போக வேண்டுமென்றால் பதிப்பு வரலாறு இருக்கிறது. நகல் எடுத்தே தீர வேண்டுமென்றால் பெயரின் தொடக்கத்தில் வருடம்–மாதம்–நாள் வரிசையில் தேதி போடுங்கள், பட்டியல் தானாகக் காலவரிசையில் நிற்கும்.

நிரல் எழுதும் குழு என்றால் கிட் (நிரலின் மாற்றங்களைப் பதிந்து, பலர் வேலையைச் சேர்க்கும் கருவி) கற்றுக்கொள்ளாமல் தொடங்க வேண்டாம். ஒருவருக்கு ஒரு கிளை (அவர் மட்டும் மாற்றும் தனி வழி), சின்னச் சின்ன மாற்றங்கள், ஒரு நாளுக்கு ஒருமுறையாவது சேர்ப்பு. இரண்டு வாரம் தனிக் கிளையில் இருந்துவிட்டு வந்து சேர்ப்பவர், ஒரே இடத்தை இருவர் மாற்றியதால் வரும் மோதல்களைத் தீர்ப்பதிலேயே ஒரு நாளைத் தொலைப்பார்.

மூலத் தரவைத் தனி ஃபோல்டரில் பூட்டி வையுங்கள், யாரும் அதில் நேரடியாகத் திருத்தக் கூடாது. வேறொருவர் கணினியில் ஸ்லைடைத் திறந்தால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிவது எழுத்துரு அங்கே இல்லாததால்தான். எழுத்துருவை உட்பொதித்துச் சேமியுங்கள், கூடவே பிடிஎஃப் நகலும் வைத்திருங்கள். சமர்ப்பித்ததும், சமர்ப்பித்த கோப்பை அந்தத் தளத்திலிருந்தே மறுபடி இறக்கித் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

கேள்வி: குழுத் தோழர் ஒருவர் தன் பகுதியை ஏஐ கருவியில் எழுதி வாங்கி ஒட்டியிருக்கிறார். அதிலுள்ள இரண்டு மேற்கோள்களைத் தேடினேன், அப்படிப்பட்ட கட்டுரைகளே இல்லை. காட்டிக்கொடுப்பதா, விட்டுவிடுவதா?
– இளநிலை இறுதியாண்டு மாணவர்

பதில்: இது காட்டிக்கொடுக்கும் விஷயமே இல்லை. அட்டையில் உங்கள் பெயரும் இருக்கிறது, இல்லாத கட்டுரையை மேற்கோள் காட்டிய ரிப்போர்ட் உங்களுடையதும்தான். ஏஐ கருவிகளை இயக்கும் மொழி மாதிரிகள், இருப்பதைப் போன்ற நூற்பட்டியலை உண்டாக்கித் தருவது எல்லோருக்கும் தெரிந்த குறை. ஆசிரியர் பெயரும் ஆய்விதழ் பெயரும் உண்மையாக இருக்கும், கட்டுரை மட்டும் இருக்காது. மேலோட்டமாகப் பார்த்தால் பிடிபடாது.

முதலில் அவரிடமே காட்டுங்கள். ‘இந்த இரண்டையும் தேடினேன், கிடைக்கவில்லை. நீ படித்த பிடிஎஃப் இருந்தால் ஃபோல்டரில் போடு’ என்று கேட்டால் போதும், குற்றம் சாட்ட வேண்டியதில்லை. பிறகு எல்லோருக்கும் பொதுவாக ஒரு விதி: மேற்கோள் காட்டும் ஒவ்வொரு கட்டுரையின் பிடிஎஃப்பும் பொது ஃபோல்டரில் இருக்க வேண்டும், சேர்த்தவரைத் தவிர இன்னொருவரும் திறந்து, சொன்ன விஷயம் உண்மையிலேயே அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபது மேற்கோளுக்கு ஒரு மாலை போதும். டிஓஐ எண் (கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்) இருந்தால் அதை doi.org தளத்தில் போட்டால் சரியான கட்டுரை திறக்கிறதா என்று நொடியில் தெரிந்துவிடும்.

எதற்கு ஏஐ பயன்படுத்தலாம் என்று உங்கள் பாடத்தின் விதி என்ன சொல்கிறது என்பதை முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் கேட்டு, பதிலை அந்த ஒரு பக்கத் தாளில் எழுதிவையுங்கள். விதி கல்லூரிக்குக் கல்லூரி, சில இடங்களில் பாடத்துக்குப் பாடம் மாறும். அனுமதி இருந்தால் எங்கே, எதற்குப் பயன்படுத்தினோம் என்பதை ரிப்போர்ட்டிலேயே சொல்லிவிடுங்கள். அவர் திருத்த மறுத்தால், அந்தப் பகுதியை நீங்கள் மாற்றி எழுதி மூடி மறைக்காமல், சமர்ப்பிக்கும் முன் குழுவாகவே ஆசிரியரிடம் போங்கள்.

கேள்வி: எந்த முறையில் செய்வது என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து. ஓட்டுப் போட்டு முடிவெடுக்கலாமா?

பதில்: ஓட்டில் தோற்றவர் அரை மனதோடு வேலை செய்வார், அதனால் அது கடைசி வழி. முதலில் ‘எது நல்லது’ என்பதை விட்டுவிட்டு ‘நல்லது என்று எதை வைத்துச் சொல்வோம்’ என்று பேசுங்கள்: இருக்கும் நேரத்தில் முடியுமா, நம்மிடம் உள்ள தரவு போதுமா, வைவாவில் எல்லோராலும் விளக்க முடியுமா. பாதிச் சண்டை இங்கேயே தீரும். தீராவிட்டால் இரண்டு முறைகளையும் சின்ன அளவில் இரண்டு மணி நேரம் முயன்று பாருங்கள். அதற்கும் மேல் சமமாக நின்றால், அந்த வேலையைச் செய்யப்போகிறவர் சொல்வதற்கு எடை கொடுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இப்படி முட்டிக்கொள்வதைக் கண்டு குழுவே சரியில்லை என்று நினைக்க வேண்டாம். 1965-இல் உளவியலாளர் புரூஸ் டக்மன் வகுத்த குழு வளர்ச்சிப் படிகளில் மோதலும் ஒரு படிதான். ஐந்து வாரமாக யாருமே யாரையும் மறுத்துப் பேசவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று பொருள்.

கேள்வி: பிரசன்டேஷனில் ஐந்து பேரும் பேசியே ஆக வேண்டுமா? நேரம் 15 நிமிடம். கேள்வி கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம்.
– இளநிலை இரண்டாம் ஆண்டு மாணவி

பதில்: எல்லோரும் பேச வேண்டும் என்று விதி இருந்தால் பேசத்தான் வேண்டும். இல்லையென்றால் மூவர் பேசி, இருவர் செயல்முறை விளக்கத்தையும் கேள்விகளையும் பார்த்துக்கொள்வது மேல். ஒவ்வொரு கைமாற்றத்திலும், மைக் மாறி, ‘அடுத்து என் தோழி...’ என்று சொல்லி முடிக்கும்போது இருபது, முப்பது நொடி போய்விடும். ஐந்து பேர் என்றால் இரண்டு நிமிடம். அறிமுகத்தை விட்டுவிட்டு, முந்தையவரின் கடைசி வாக்கியமே அடுத்தவரின் முதல் விஷயத்துக்குக் கொண்டுபோகிற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள்.

15 நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஸ்லைடுக்கு மேல் வேண்டாம். ஆளுக்கு ஒரு வடிவமைப்பில் செய்து கடைசியில் சேர்ப்பதுதான் வழக்கமான கோளாறு. ஒருவர் வெற்று வார்ப்புருவை முதலில் செய்து கொடுக்கட்டும், மற்றவர்கள் அதில் நிரப்பட்டும். பேசி ஒத்திகை பார்க்கும்போது 13 நிமிடத்தில் முடிய வேண்டும். மேடையில் இரண்டு நிமிடம் தானாகக் கூடிவிடும். இரண்டு முறை, கடிகாரத்தோடு, நின்றுகொண்டு, முடிந்தால் அதே அறையில் அதே புரொஜெக்டரில் பாருங்கள்.

கேள்விகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. முந்தைய நாள் ஒவ்வொருவரும் தன் பகுதியை விட்டுவிட்டு அடுத்தவர் பகுதியை இரண்டு நிமிடம் விளக்க வேண்டும். தடுமாறும் இடத்தைத்தான் தேர்வாளரும் பிடிப்பார். எந்த வகைக் கேள்விக்கு யார் முதலில் வாய் திறப்பது என்பதையும் பிரித்துவையுங்கள். ஒருவர் சொன்ன பதிலை இன்னொருவர் குறுக்கே புகுந்து திருத்தக் கூடாது. தவறு பெரிதாக இருந்தால், அவர் முடித்த பிறகு ‘இதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்’ என்று தொடங்குங்கள்.

கேள்வி: அட்டையில் யார் பெயரை முதலில் போடுவது என்பதிலேயே சண்டை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுத வழி உண்டா?

பதில்: பெயர்களை அகரவரிசையிலோ பதிவு எண் வரிசையிலோ போட்டு, வரிசைக்குப் பொருள் எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பங்களிப்பைக் கடைசிப் பக்கத்தில் தனியாகச் சொல்லலாம். ஆய்விதழ்கள் பலவும் கிரெடிட் எனப்படும் 14 பங்கு வகைகள் கொண்ட பட்டியலைப் பயன்படுத்துகின்றன: கருத்துருவாக்கம், தரவுப் பராமரிப்பு, மென்பொருள், முதல் வரைவு எழுதுதல், திருத்துதல் என்று போகும். உங்களுக்கு அதில் ஆறேழு போதும். சதவீதம் போடாதீர்கள், சண்டை மறுபடி ஆரம்பித்துவிடும். ‘கேள்விப் படிவம் தயாரித்தல், 1 முதல் 10 வரையான கேள்விகளின் தரவேற்றம், படம் 3, 4’ என்று வினையைச் சொல்லுங்கள். முன்னால் சொன்ன நான்கு நெடுவரிசைத் தாளை வைத்திருந்தால் அதிலிருந்து நகலெடுத்தாலே பாதி எழுதியாகிவிடும். எல்லோரும் படித்துக் கையெழுத்திட்ட பிறகு சமர்ப்பியுங்கள். ஆசிரியர் கேட்காவிட்டாலும் இணைக்கலாம். சக மதிப்பீட்டுப் படிவம் கொடுத்து ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் போடச் சொன்னால், அந்தப் பக்கத்தைப் பார்த்தே போடுங்கள், எல்லோருக்கும் பத்துக்குப் பத்து வேண்டாம்.